கருந்துளையின் எல்லையில் என்ன இருக்கிறது?

2025 ஜனவரி 14. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஹான்ஃபோர்டு என்றொரு வறண்ட சமவெளி. முழங்காலளவுப் புதர்களைத் தவிரப் பெரிதாக எதுவும் வளராத அந்த மண்ணில், 4 கிலோமீட்டர் நீளத்துக்கு கான்கிரீட் மூடிய எஃகுக் குழாய் ஒன்று நீண்டு கிடக்கிறது. அதற்குச் செங்குத்தாக அதே நீளத்தில் இன்னொன்று. 3,000 கிலோமீட்டருக்கு அப்பால், லூசியானா மாநிலத்துப் பைன் காட்டுக்குள் லிவிங்ஸ்டனில், இதே அச்சில் இன்னொரு ஜோடி. குழாய்களிலிருந்து காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, கண்ணாடிகளுக்கு இடையே லேசர் ஒளியை ஓடவிட்டுக் காத்திருக்கிறார்கள். அன்று அந்தக் கண்ணாடிகளுக்கு இடையேயான தூரம் கூடியது, குறைந்தது, மறுபடி கூடியது. ஒரு புரோட்டானின் அகலத்தில் நூறில் ஒரு பங்கைக்கூட எட்டாத மாற்றம். கண் இமைத்து முடிப்பதற்குள் அடங்கிவிட்ட அதிர்வு. ஆனால் ஈர்ப்பு அலைகளைப் பிடிக்கும் லைகோ என்ற இந்தக் கருவிகள் பத்து ஆண்டுகளில் பதிவு செய்தவற்றிலேயே மிகத் தெளிவான சமிக்ஞை அதுதான்.

சுமார் 130 கோடி ஒளியாண்டு தொலைவில் இரண்டு கருந்துளைகள் ஒன்றையொன்று சுற்றிச் சுற்றி நெருங்கி ஒன்றானதில் எழுந்த அலை அது. ஒவ்வொன்றும் நம் சூரியனைப் போல 30 மடங்குக்கும் மேல் எடை. அந்த அதிர்வைப் பல மாதங்கள் அலசி, 2025 செப்டம்பரில் விஞ்ஞானிகள் வெளியிட்ட முடிவு அறிவியல் உலகில் பேச்சானது. மோதலுக்கு முன் இரண்டு கருந்துளைகளின் எல்லைப் பரப்பளவையும் கூட்டினால் சுமார் 2,40,000 சதுர கிலோமீட்டர். மோதலுக்குப் பின் உருவான ஒற்றைக் கருந்துளையின் எல்லைப் பரப்பளவு சுமார் 4,00,000 சதுர கிலோமீட்டர். பரப்பு கூடியிருக்கிறது. கருந்துளை எல்லையின் பரப்பளவு ஒருபோதும் குறையாது என்று 1971-இல் ஸ்டீபன் ஹாக்கிங் காகிதத்தில் நிறுவியதை, 99.999 சதவீத உறுதியோடு இயற்கையே காட்டிவிட்டது.

செய்தியைப் படித்த யாருக்கும் அடுத்த கேள்வி எழ வேண்டும். பரப்பளவு என்றால் எதன் பரப்பளவு? பூமிக்கு மண்ணும் நீரும் மேற்பரப்பு. சூரியனுக்குக் கொதிக்கும் வாயு. கருந்துளையின் எல்லையில் மண்ணும் இல்லை, வாயுவும் இல்லை, ஓடு என்று சொல்ல எதுவுமே இல்லை. அந்த இடத்தில் ஓர் அணுகூட இல்லாமல் இருக்கலாம். அப்படியிருந்தும் அதற்குப் பரப்பளவு உண்டு, வெப்பநிலை உண்டு, மின்தடைகூட உண்டு. பொருளால் ஆகாத ஒன்று பொருளுக்குரிய குணங்களை எல்லாம் காட்டுகிறது. நவீன இயற்பியலின் மிக ஆழமான புதிர் இதுதான் என்பது இந்தக் கட்டுரையாளரின் உறுதியான எண்ணம்.

போர்முனையில் பிறந்த எல்லை

1915 இறுதியில் ஐன்ஸ்டைன் தன் பொதுச் சார்பியல் கோட்பாட்டை வெளியிட்ட சில வாரங்களிலேயே, முதல் உலகப் போரில் ஜெர்மன் ராணுவத்துக்காக ரஷ்ய முனையில் இருந்த வானியலாளர் கார்ல் ஷ்வார்ட்ஷீல்டு அதற்கு முதல் துல்லியத் தீர்வைக் கண்டு கடிதம் எழுதினார். அடுத்த மே மாதமே நோய்வாய்ப்பட்டு இறந்தும் போனார். அவருடைய சமன்பாட்டில் ஒரு குறிப்பிட்ட ஆரத்தில் கணக்கு வெடித்தது. விடை முடிவிலியாக வந்தது. அங்கே இயற்கையே உடைந்துவிடுகிறதா, நாம் அளக்கும் முறைதான் உடைகிறதா என்பது பல பத்தாண்டுகளுக்கு யாருக்கும் தெளிவாகவில்லை.

இதற்கிடையில் 1930-இல் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து முடித்த 19 வயது இளைஞர் சுப்பிரமணியன் சந்திரசேகர், இங்கிலாந்துக்குப் போகும் கப்பலில் ஒரு கணக்கைப் போட்டார். எரிந்து ஓய்ந்த விண்மீனின் எடை சூரியனைப் போல சுமார் 1.4 மடங்கைத் தாண்டினால், வெள்ளைக் குள்ளனாக அது நிலைத்து நிற்க முடியாது. அப்படியானால் அதன் கதி என்ன? 1935-இல் லண்டன் ராயல் வானியல் கழகக் கூட்டத்தில் ஆர்தர் எடிங்டன் அந்த முடிவை வெளிப்படையாகப் பழித்தார். விண்மீன் முடிவில்லாமல் சுருங்கும் என்பதை அவரால் ஏற்க முடியவில்லை. நான்கே ஆண்டுகளில், 1939-இல், ஓப்பன்ஹைமரும் ஸ்னைடரும் அப்படிச் சுருங்குவதைக் கணக்கிட்டே காட்டினார்கள்.

ஷ்வார்ட்ஷீல்டின் ஆரத்தில் இயற்கை உடையவில்லை, உடைந்தது நம் அளவுகோல்தான் என்பதை 1933-லேயே பெல்ஜியப் பாதிரியார் லெமைத்ர் கண்டிருந்தார். 1958-இல் டேவிட் ஃபிங்கல்ஸ்டைன் அதை எல்லோருக்கும் புரியும்படி எடுத்துவைத்தார்: அந்த ஆரம் ஒருவழிப் பாதை. உள்ளே போகலாம். ஒளி உட்பட எதுவும் வெளியே வராது. அதுதான் நிகழ்வு எல்லை.

படத்தில் தெரிவது எல்லை இல்லை

2019 ஏப்ரல் 10 அன்று உலகச் செய்தித்தாள்களின் முதல் பக்கத்தில் வந்த ஆரஞ்சு வளையம் நினைவிருக்கும். எம்87 விண்மீன் மண்டலத்தின் நடுவில், 5.5 கோடி ஒளியாண்டு தொலைவில் உள்ள கருந்துளை. நிகழ்வு எல்லைத் தொலைநோக்கி என்ற பெயரில், உலகின் 6 இடங்களில் இருந்த 8 ரேடியோ தொலைநோக்கிகளை ஒரே கருவியாக இயக்கி, 2017 ஏப்ரலில் திரட்டிய தரவு அது. இணையத்தில் அனுப்ப முடியாத அளவு என்பதால் ஹார்டு டிஸ்க்குகளை விமானத்தில் ஏற்றினார்கள். தென் துருவத் தொலைநோக்கியின் டிஸ்க்குகள் மட்டும் அங்கே குளிர்காலம் முடிந்து விமானம் பறக்கும் வரை மாதக்கணக்கில் காத்துக் கிடந்தன.

அந்தப் படத்தில் நடுவே இருண்டிருப்பதுதான் நிகழ்வு எல்லை என்று பலரும் எழுதினார்கள். அது பிழை. இருண்டிருப்பது நிழல். கருந்துளைக்கு அருகே வரும் ஒளி வளைகிறது. ஒரு குறிப்பிட்ட தூரத்துக்குள் வந்துவிட்ட ஒளி சுற்றிச் சுற்றி உள்ளே விழுந்துவிடுகிறது. அதனால் உண்மையான எல்லையைவிட இரண்டரை மடங்கு பெரிதாக இருள் தெரிகிறது. எம்87-இல் எல்லையின் விட்டம் 4,000 கோடி கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. நிழலின் விட்டம் ஏறத்தாழ 10,000 கோடி கிலோமீட்டர். எல்லையை யாரும் படம் எடுக்கவில்லை, எடுக்கவும் முடியாது. அங்கிருந்து ஒளி புறப்பட்டு வந்தால்தானே படம்!

2018-இல் அதே கருந்துளையை மறுபடி பார்த்தார்கள். வளையத்தில் மிகப் பிரகாசமான பகுதி இடம் மாறியிருந்தது. வளையத்தின் அளவு மாறவில்லை. பிரகாசம் சுற்றிலும் சுழலும் வாயுவைப் பொறுத்தது, நாளுக்கு நாள் மாறும். அளவைத் தீர்மானிப்பது கருந்துளையின் எடை மட்டுமே. படத்தைவிட எனக்கு இந்த மாறாத அளவுதான் பெரிய சான்றாகத் தெரிகிறது.

பெட்டிச் செய்தி: எல்லை எவ்வளவு பெரியது?

சுழலாத கருந்துளை என்று வைத்துக்கொண்டால் எல்லையின் ஆரம்:

பூமி முழுவதையும் கருந்துளையாக நசுக்கினால்: சுமார் 9 மில்லிமீட்டர்.
சூரியனை நசுக்கினால்: சுமார் 3 கிலோமீட்டர்.
பால்வெளி மண்டலத்தின் மையத்தில் உள்ள சாஜிட்டேரியஸ் ஏ* (சுமார் 43 லட்சம் சூரிய எடை): சுமார் 1.27 கோடி கிலோமீட்டர். புதன் கோளின் பாதைக்குள் நான்கில் ஒரு பங்கு தூரத்திலேயே அடங்கிவிடும்.
எம்87 (சுமார் 650 கோடி சூரிய எடை): சுமார் 1,900 கோடி கிலோமீட்டர். சூரியனிலிருந்து நெப்டியூன் இருக்கும் தூரத்தைப் போல நான்கு மடங்கு.

எடை இரட்டித்தால் ஆரம் இரட்டிக்கும், பரப்பளவு நான்கு மடங்காகும். கொள்ளளவு எட்டு மடங்காகும் என்பதால் பெரிய கருந்துளைகள் அடர்த்தி குறைந்தவை. எம்87-இன் எடையை அதன் எல்லைக்குள் அடங்கும் கோளத்தின் கொள்ளளவால் சாதாரணமாக வகுத்தால் வரும் விடை, நாம் சுவாசிக்கும் காற்றின் அடர்த்தியில் பாதிகூட இல்லை.

கடப்பவருக்குத் தெரியாது

மீன் ஒன்று ஆற்றில் எதிர்நீச்சல் போடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். அருவியை நெருங்க நெருங்க நீரோட்டத்தின் வேகம் கூடுகிறது. ஓர் இடத்தில் ஓட்டத்தின் வேகம் மீனின் அதிகபட்ச வேகத்துக்குச் சமமாகிறது. அந்த இடத்தைத் தாண்டிய மீன் எவ்வளவு முயன்றாலும் அருவியில்தான் விழும். அந்த இடத்தில் சுவர் ஏதும் இல்லை, நீரின் நிறமும் மாறவில்லை. கடக்கும்போது மீனுக்கு எதுவும் தட்டுப்படாது. கருந்துளையின் நிகழ்வு எல்லையும் இத்தகையதே. ஆற்று நீரின் இடத்தில் காலவெளி. மீனின் இடத்தில் ஒளி. கனடாவின் வில்லியம் உன்ரு 1981-இல் இதை வெறும் உவமையாக விடாமல் கணக்காகவே எழுதினார். ஒலியைவிட வேகமாக ஓடும் திரவத்தில் ஒலிக்கும் இப்படியோர் எல்லை உருவாகும் என்று காட்டினார். இஸ்ரேலின் டெக்னியன் நிறுவனத்தில் ஜெஃப் ஸ்டைன்ஹவர், மிகக் குளிர்ந்த ரூபிடியம் அணுக்களை ஓடவிட்டு அத்தகைய எல்லையை ஆய்வகத்திலேயே உண்டாக்கியிருக்கிறார்.

இதன் விளைவு நம் பொதுப் புத்திக்கு நேர் எதிரானது. பெரிய கருந்துளைக்குள் விழுவது எளிது, சின்னக் கருந்துளைதான் கொடியது. 10 சூரிய எடையுள்ள கருந்துளையின் எல்லையில் காலுக்கும் தலைக்கும் இடையிலான ஈர்ப்பு வேறுபாடு, பூமியின் ஈர்ப்பைப் போல சுமார் 2 கோடி மடங்கு. எல்லையை எட்டுவதற்கு வெகு முன்பே உடல் நூலாக இழுபட்டுவிடும். எம்87-இன் எல்லையில் அதே வேறுபாட்டை உடலால் உணரவே முடியாது. அங்கே விழும் விண்வெளி வீரர் எந்த நொடியில் எல்லையைக் கடந்தார் என்பதைக் கையில் உள்ள எந்தக் கருவியாலும் சொல்ல முடியாது.

கடந்த பிறகு? ஒருமைப்புள்ளி என்று சொல்கிறோமே, அந்த மையம் அவருக்கு முன்னால் தெரியும் ஓர் இடமாக இருக்காது. எல்லைக்குள் காலமும் வெளியும் தம் பாத்திரங்களை மாற்றிக்கொள்கின்றன. மையம் என்பது அவருடைய எதிர்காலத்தில் காத்திருக்கும் ஒரு கணம். நாளைய பொழுதிலிருந்து நம்மால் எப்படி விலகி நடக்க முடியாதோ, அப்படி அதிலிருந்தும் விலக முடியாது. சாஜிட்டேரியஸ் ஏ*-க்குள் எல்லையைக் கடந்தவருக்கு அதிகபட்சம் ஒரு நிமிடம் சொச்சம். எம்87 என்றால் ஒரு நாளுக்குச் சற்று அதிகம். ராக்கெட்டைப் பற்றவைத்துத் தப்ப முயன்றால் பெரும்பாலும் அந்த நேரம் இன்னும் குறையும்.

வெளியே தொலைவில் நின்று பார்ப்பவருக்கு வேறு காட்சி. விழுபவரின் கடிகாரம் மெதுவாகிக்கொண்டே போகும், எல்லையில் அவர் உறைந்து நிற்பதாகத் தோன்றும் என்று எல்லா அறிவியல் புத்தகங்களிலும் இருக்கிறது. கணக்குப்படி அது சரி. கண்ணுக்கு அது கிடைக்காது. அவரிடமிருந்து வரும் ஒளி சிவந்து, நீண்டு, மங்கி அணைந்துவிடும். 10 சூரிய எடைக் கருந்துளை என்றால் மில்லி வினாடிகளில் எல்லாம் இருட்டு. கருந்துளைகளைச் சுற்றி விழுந்தவர்களின் உருவங்கள் என்றென்றும் ஒட்டிக்கொண்டிருக்கும் என்பது வெறும் கதை.

இன்னொரு தவறான நம்பிக்கையையும் இங்கேயே தீர்த்துவிடலாம். கருந்துளை எதையும் தேடிப்போய் உறிஞ்சுவதில்லை. சூரியன் இந்த நொடியில் அதே எடையுள்ள கருந்துளையாக மாறினாலும் பூமி அதே பாதையில், அதே 365 நாள் கணக்கில்தான் சுற்றும். இருட்டில், உறைந்து போய்ச் சுற்றும்.

நாளை நடப்பதைப் பொறுத்து இன்று நிற்கும் எல்லை

எல்லையில் சுவர் இல்லை என்பதைவிட விசித்திரமான ஒன்று அதன் வரையறையிலேயே ஒளிந்திருக்கிறது. ஒளி எந்தப் பகுதியிலிருந்து ஒருபோதும் வெளியேறாதோ, அந்தப் பகுதியின் விளிம்புதான் நிகழ்வு எல்லை. 'ஒருபோதும்' என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? எதிர்காலம் முழுவதையும் பார்த்துவிட்டுத்தான்.

இதன் பொருள் என்ன என்று பாருங்கள். ஒரு பகுதியை நோக்கி எல்லாத் திசைகளிலிருந்தும் பெரும் பொருள்திரள் ஒன்று சுருங்கி வந்துகொண்டிருக்கிறது என்று வைப்போம். அது வந்து சேர்வதற்கு முன்பே, நடுவில் வெற்றிடமாக இருக்கும் இடத்தில் நிகழ்வு எல்லை உருவாகிப் பெரிதாகத் தொடங்கிவிடும். அங்கே இருப்பவர் வானத்தைப் பார்த்தால் எல்லாம் அமைதி. ஆனால் அவருடைய கதி முடிந்துவிட்டது. அவர் அனுப்பும் ஒளிகூட இனித் தப்பாது. இந்த நிமிடம் நாம் இருக்கும் அறையின் வழியாக ஒரு நிகழ்வு எல்லை கடந்து போனாலும் நமக்குத் தெரியாது என்று இத்துறையினர் சொல்வது மிகையான பேச்சு இல்லை. சமன்பாடு அப்படித்தான் சொல்கிறது.

நடைமுறையில் கணினியில் கருந்துளைகளை மோதவிட்டுப் பார்ப்பவர்களால் எதிர்காலம் முழுவதற்கும் காத்திருக்க முடியாது. அவர்கள் வேறொன்றைத் தேடுகிறார்கள்: வெளிநோக்கிப் புறப்படும் ஒளிகூட விரிய முடியாமல் நிற்கும் பரப்பு. 'தோற்ற எல்லை' என்பார்கள். 1965-இல் ரோஜர் பென்ரோஸ் தன் புகழ்பெற்ற ஒருமைப்புள்ளித் தேற்றத்துக்கு இத்தகைய சிறைப்பட்ட பரப்புகளைத்தான் அடித்தளமாக வைத்தார். கொல்கத்தாவில் அமல்குமார் ராய்சௌதுரி 1955-இல் எழுதிய சமன்பாடு அந்த நிறுவலில் முதுகெலும்பாக நிற்கிறது. பென்ரோஸுக்கு 2020-இல் நோபல் கிடைத்தது. அபய் அஷ்டேகரும் பத்ரி கிருஷ்ணனும் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில், எதிர்காலத்தைக் கேட்காமல் அந்தந்த நேரத்திலேயே வரையறுக்கக்கூடிய 'இயங்கும் எல்லை' என்ற கருத்தை வளர்த்தெடுத்தார்கள். உண்மையான பௌதிக எல்லை இதுதான் என்ற வாதம் வலுவானது. எனக்கும் அதுவே சரியென்று படுகிறது. பிரபஞ்சத்தின் கடைசி நாள் வரை காத்திருந்தால்தான் எங்கே இருக்கிறது என்று சொல்ல முடியும் என்கிற ஒன்றை அளந்து பார்க்கும் அறிவியல் எப்படிக் கையாளும்?

மூன்று சூரியன் போயும் கூடிய பரப்பு

2025 ஜனவரி மோதலுக்குத் திரும்புவோம். மோதுவதற்கு முன் இரண்டின் எடையைக் கூட்டினால் சுமார் 66 சூரியன். மோதிய பின் சுமார் 63. சுமார் மூன்று சூரியன்களின் எடை முழுவதும் ஈர்ப்பு அலைகளாக மாறிப் பிரபஞ்சமெங்கும் பரவிவிட்டது. எடை குறைந்தது, பரப்பு கூடியது. ஹாக்கிங்கின் தேற்றம் இந்தச் செலவுக்கு ஒரு வரம்பு போடுகிறது. எவ்வளவு வேண்டுமானாலும் ஆற்றலை வெளியே விடலாம், ஆனால் மொத்தப் பரப்பு குறையும் அளவுக்கு விடக் கூடாது.

பரப்பளவை யாரும் நேரடியாக அளக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். மோதலுக்கு முந்திய அதிர்விலிருந்து இரண்டின் எடையும் சுழற்சியும் தெரியும். பிந்திய அதிர்விலிருந்து புதியதன் எடையும் சுழற்சியும் தெரியும். 1963-இல் நியூசிலாந்துக்காரர் ராய் கெர் கண்டெடுத்த தீர்வின்படி இந்த இரண்டு எண்கள் போதும், பரப்பளவு வந்துவிடும். 2015-இல் முதன்முதலாக ஈர்ப்பு அலை கிடைத்தபோதே, தன் தேற்றத்தைச் சோதிக்க முடியுமா என்று ஹாக்கிங் தன் நண்பர் கிப் தோர்னிடம் கேட்டிருந்தார். அன்றைய கருவிகளால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. 2021-இல் அந்தப் பழைய தரவை மறுபடி அலசியபோது 95 சதவீத உறுதி கிடைத்தது. அதற்குள் ஹாக்கிங் இறந்து மூன்று ஆண்டுகள் ஆகிவிட்டன.

இந்த வரம்பின் விளைவுகளை வானத்தில் நேரில் பார்க்கலாம். சுழலும் கருந்துளை தன் எடையில் அதிகபட்சம் 29 சதவீதத்தைச் சுழற்சி ஆற்றலாகச் சேமித்து வைத்திருக்கும்; பரப்பைக் குறைக்காமல் அதை வெளியே எடுக்கலாம். காந்தப்புலம் அதை எப்படி வெளியே கொண்டுவரும் என்று 1977-இல் ரோஜர் பிளாண்ட்ஃபோர்டும் ரோமன் ஸ்னாயெக்கும் விளக்கினார்கள். வெளியிலிருந்து பார்க்கும் மின்காந்தப் புலங்களைப் பொறுத்தவரை, நிகழ்வு எல்லை 377 ஓம் மின்தடை கொண்ட ஒரு சவ்வாகவே நடந்துகொள்கிறது. கிப் தோர்னும் கூட்டாளிகளும் எண்பதுகளில் இதை முழுமையான கணக்குமுறையாகவே வகுத்தார்கள். அங்கே பொருள் இல்லை. இருப்பதாக வைத்துக் கணக்கிட்டால் விடை மிகச் சரியாக வருகிறது.

எம்87 மண்டலத்திலிருந்து நேர்கோட்டில் பீறிடும் ஒரு விநோதக் கதிரை 1918-இல் லிக் வானாய்வகத்தின் ஹீபர் கர்ட்டிஸ் பார்த்துக் குறித்துவைத்தார். என்னவென்று அவருக்குத் தெரியவில்லை. இன்று தெரியும். சுமார் 5,000 ஒளியாண்டு நீளமுள்ள அந்தப் பீற்றுக்குப் பெரும்பாலும் ஆற்றல் தருவது நடுவில் சுழலும் கருந்துளைதான். 2021-இல் வெளியான முனைவாக்கப் படம், எல்லைக்கு அருகே ஒழுங்கான காந்தப்புலம் இருப்பதைக் காட்டியது. நம் சூரியக் குடும்பத்தோடு ஒப்பிடத்தக்க அளவுள்ள ஓர் எல்லை, ஆயிரக்கணக்கான ஒளியாண்டு தூரத்து வாயுவைச் சூடாக்கி, அங்கே புதிய விண்மீன்கள் பிறப்பதையே தடுக்கும் வல்லமை கொண்டது.

பெட்டிச் செய்தி: மணியடித்த பெங்களூருக்காரர்

மோதி ஒன்றான கருந்துளை சில மில்லி வினாடிகள் அதிர்ந்து அடங்கும். அந்த அதிர்வின் சுருதி, கருந்துளையின் எடையையும் சுழற்சியையும் மட்டுமே பொறுத்தது. இதை முதன்முதலில் 1970-இல் கணக்கிட்டுக் காட்டியவர் சி.வி. விஸ்வேஸ்வரா. பெங்களூரின் ஜவகர்லால் நேரு கோளரங்கத்தை உருவாக்கியவரும் அவரே. 2016 பிப்ரவரியில் முதல் ஈர்ப்பு அலை அறிவிக்கப்பட்டபோது தன் கணக்கு மெய்யானதைக் கண்டார். 2017 ஜனவரியில் காலமானார். 2025 சமிக்ஞையில் இத்தகைய சுருதிகள் இரண்டைத் தனித்தனியே பிரித்து அறிய முடிந்தது.

தரை இல்லை என்பதற்குச் சாட்சி

எல்லையில் ஒன்றுமில்லை என்று சமன்பாடு சொல்லலாம். உண்மையிலேயே அங்கே ஏதோவொரு கெட்டியான மேற்பரப்பு இருந்துவிட்டால்? கேள்வி நியாயமானது. அதற்குப் பதில் தேடியவர்களில் முன்னணியில் இருப்பவர் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ரமேஷ் நாராயண். சென்னையில் இயற்பியல் படித்தவர். புரத ஆய்வில் புகழ்பெற்ற ஜி.என். ராமச்சந்திரனின் மகன்.

அவருடைய வாதம் எளிமையானது, அதனாலேயே அழகானது. நியூட்ரான் விண்மீனுக்குத் தரை உண்டு. துணை விண்மீனிலிருந்து அதன் மேல் விழும் வாயு தரையில் சேர்ந்து சேர்ந்து, ஒரு கட்டத்தில் அணுக்கருத் தீயாகப் பற்றி எக்ஸ் கதிராக வெடிக்கும். இத்தகைய வெடிப்புகள் ஏராளமாகப் பதிவாகியுள்ளன. அதே மாதிரி வாயு விழும், ஆனால் நியூட்ரான் விண்மீனைவிட எடை கூடிய பொருள்களிலோ அந்த வெடிப்பு வருவதே இல்லை. வாயு சேர அங்கே தரை இல்லை என்று 2002-இல் நாராயணும் ஜெரமி ஹைலும் எழுதினார்கள். பால்வெளி மையத்திலும் இதே நிலைதான். தரை இருந்தால் விழும் வாயுவின் வெப்பம் அகச்சிவப்பு ஒளியாக வெளிவர வேண்டும், வரவில்லை. 2017-இல் வென்பின் லூ, பவன் குமார், நாராயண் மூவரும் இன்னொரு வழி பிடித்தார்கள். ராட்சதப் பொருள்களுக்குத் தரை இருந்தால், அதில் மோதிச் சிதறும் விண்மீன்கள் மாதக்கணக்கில் ஒளிவீச வேண்டும். பான்-ஸ்டார்ஸ் தொலைநோக்கியின் பல ஆண்டுப் பதிவுகளில் அப்படி ஒன்றுகூட இல்லை.

ஒளி வராததைச் சாட்சியாக்கும் வாதம் இது. கண்டது ஒன்றை வைத்து நிறுவுவதைவிடக் காணாததை வைத்து நிறுவுவது கடினம். எல்லைக்கு ஒரு மயிரிழை வெளியே ஏதேனும் இருந்தால் அதை இந்த முறைகள் எல்லாம் விட்டுவிடக்கூடும். ஈர்ப்பு அலை அடங்கிய பிறகு மெல்லிய எதிரொலி கேட்கிறதா என்று சிலர் தேடினார்கள். உறுதியாக எதுவும் சிக்கவில்லை.

சூடான வெற்றிடம்

இனிதான் உண்மையான தலைவலி. பிரின்ஸ்டனில் ஜான் வீலரின் மாணவராக இருந்த ஜேக்கப் பெக்கன்ஸ்டைன் 1972-இல் ஒரு துணிச்சலான யோசனையைச் சொன்னார். எல்லையின் பரப்பு குறையவே குறையாது. இயற்கையில் குறையவே குறையாத இன்னொன்று, ஒழுங்கின்மையின் அளவான என்ட்ரோபி. இரண்டும் ஒன்றுதான்! ஹாக்கிங் முதலில் இதை எதிர்த்தார். என்ட்ரோபி இருந்தால் வெப்பநிலை இருக்க வேண்டும், வெப்பநிலை இருந்தால் கதிர் வீச வேண்டும், கருந்துளை எப்படிக் கதிர் வீசும்? பெக்கன்ஸ்டைனைத் தவறென்று காட்டக் கிளம்பியவர், 1974-இல் தன் கணக்கிலேயே அந்தக் கதிர்வீச்சைக் கண்டுபிடித்தார்.

சூரிய எடையுள்ள கருந்துளையின் வெப்பநிலை, ஒரு கெல்வினில் ஒன்றரைக் கோடியில் ஒரு பங்கு அளவே. பிரபஞ்சமெங்கும் பரவியுள்ள நுண்ணலைப் பின்புலமே 2.7 கெல்வின். எனவே இன்றைக்கு விண்மீன் எடையுள்ள எந்தக் கருந்துளையும் இழப்பதைவிட அதிகமாகவே உள்வாங்குகிறது. நிஜக் கருந்துளையிலிருந்து ஹாக்கிங் கதிர்வீச்சை யாரும் அளந்ததில்லை.

அளக்காத அந்தச் சிறு வெப்பம்தான் இயற்பியலை அரை நூற்றாண்டாக ஆட்டிப் படைக்கிறது. கருந்துளை மெல்ல ஆவியாகி மறைந்தால், உள்ளே விழுந்தவற்றின் தகவல் எங்கே போயிற்று? குவாண்டம் விதிப்படி தகவல் அழியக் கூடாது. அழியும் என்று ஹாக்கிங்கும் தோர்னும், அழியாது என்று ஜான் பிரஸ்கிலும் 1997-இல் பந்தயம் கட்டினார்கள். 2004-இல் டப்ளின் மாநாட்டில் ஹாக்கிங் தோல்வியை ஒப்புக்கொண்டு பிரஸ்கிலுக்கு ஒரு பேஸ்பால் கலைக்களஞ்சியத்தைக் கொடுத்தார். தோர்ன் ஒப்புக்கொள்ளவில்லை.

2012-இல் அல்மெய்ரி, மரோல்ஃப், போல்ச்சின்ஸ்கி, சல்லி நால்வரும் எழுதிய கட்டுரை இந்தச் சிக்கலை எல்லையின் மேலேயே கொண்டுவந்து நிறுத்தியது. தகவல் அழியாது என்றால், ஹாக்கிங் சொன்ன கதிர்வீச்சும் உண்மை என்றால், வயதான கருந்துளையின் எல்லை அமைதியான வெற்றிடமாக இருக்க முடியாது. அங்கே விழுபவரை அந்த இடத்திலேயே எரித்துவிடும் தீச்சுவர் இருக்க வேண்டும். அதாவது, கடப்பவருக்கு எதுவும் தெரியாது என்று மேலே எழுதியது முழுக்கப் பொய்யாகிவிடும். ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் சமீர் மாத்தூர் இன்னொரு படி மேலே போய், எல்லையே கிடையாது, அந்த இடம் வரை இழைகளால் ஆன பந்துதான் இருக்கிறது என்கிறார். 2019-இல் ஜெஃப் பெனிங்டனும், அவரிடமிருந்து தனியே அல்மெய்ரி உள்ளிட்ட இன்னொரு குழுவும் செய்த கணக்குகள், தகவல் கதிர்வீச்சோடு வெளியேறுகிறது என்பதை ஈர்ப்பின் சமன்பாடுகளைக் கொண்டே காட்டின. எந்த வழியாக வெளியேறுகிறது என்பதில் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை.

என் முடிவைக் கேட்டால் சொல்கிறேன். தீச்சுவரை நான் நம்பவில்லை. எல்லை எங்கே என்பதை எதிர்காலம் தீர்மானிக்கும்போது, வெற்றிடத்தில் உள்ள ஓர் இடத்துக்கு நெருப்பு மூட்ட வேண்டும் என்று எப்படித் தெரியும்? ஆனால் எல்லையின் பரப்பளவை வைத்து அதன் உள்ளே அடங்கிய தகவலை எண்ணிவிட முடியும் என்ற கணக்கு இத்தனை வழிகளிலும் ஒரே விடையைத் தரும்போது, அங்கே ஒன்றுமே இல்லை என்று சொல்லிவிட்டு நகரவும் மனம் ஒப்பவில்லை. காலவெளியே ஏதோ சிறு துகள்களால் நெய்யப்பட்டிருக்கிறது. அதன் தடயம் முதலில் தெரியும் இடம் இந்த எல்லை. கண்டுபிடிப்பு அங்கிருந்துதான் வரும் என்று நான் நம்புகிறேன்.

அடுத்த கருவி நம் மண்ணில்

மகாராஷ்டிர மாநிலம் ஹிங்கோலி மாவட்டத்தில், அவுண்டா அருகே, லைகோவின் மூன்றாவது கருவியை இந்தியா அமைக்கவிருக்கிறது. 2023 ஏப்ரலில் மத்திய அமைச்சரவை இதற்குச் சுமார் 2,600 கோடி ரூபாய் ஒதுக்கி ஒப்புதல் தந்தது. அமெரிக்காவில் உள்ள இரு கருவிகளுக்கு வெகு தொலைவில் இன்னொன்று வந்தால், மோதல் வானத்தின் எந்த மூலையில் நடந்தது என்பதை இப்போதைவிடப் பல மடங்கு துல்லியமாகச் சொல்ல முடியும். சூரியனைப் போலப் பல லட்சம் மடங்கு எடையுள்ள கருந்துளைகளின் எல்லைகளை ஆராய, லிசா என்ற விண்கலத் தொகுதியை ஐரோப்பிய விண்வெளி முகமை 2035 வாக்கில் ஏவத் திட்டமிட்டுள்ளது.

தமிழ்நாட்டு மாணவர்கள் இதைத் தூரத்துச் செய்தியாகப் படித்துவிட்டுப் போக வேண்டாம். சென்னையை அடுத்த சிறுசேரியில் உள்ள சென்னைக் கணிதவியல் நிறுவனம் லைகோ கூட்டணியில் இருக்கிறது. லைகோ தன் தரவுகளை இணையத்தில் இலவசமாகத் திறந்து வைத்திருக்கிறது. கருந்துளை மோதல்களின் பதிவுகளை யாரும் இறக்கிக்கொள்ளலாம், அலசிப் பார்க்க இலவச மென்பொருளும் பயிற்சிப் பாடங்களும் கூடவே கிடைக்கும். இளநிலை இயற்பியலும் கொஞ்சம் பைத்தான் நிரல்மொழியும் தெரிந்த மாணவருக்கு, 2015-இன் அந்த முதல் அதிர்வைத் தன் கணினியிலேயே பிரித்தெடுக்க ஒரு விடுமுறை போதும். அடுத்த விடுமுறையில் முயன்று பாருங்கள்.